தாத்தாவின் இசைத்தட்டும் உங்கள் கணிப்பொறியும்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றனவா? அவற்றில் உள்ள பாட்டைக் கணிப்பொறியில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவசரப்பட்டு ஊசியை வைத்துவிடாதீர்கள். ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் தட்டின் பள்ளம் சிறிதளவு தேய்கிறது. தேய்ந்து போன ஒலியை எந்தக் கணிப்பொறியாலும் மீட்க முடியாது.

முதலில் தட்டின் ஓரத்தைப் பிடித்துக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, விறைப்பாக இருந்து, நடுத்தாளில் 78 என்ற எண் இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்கையும் கல்தூளையும் கலந்து அதைச் செய்தார்கள். நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் உலகத்துக்கே அரக்கு போயிற்று! இலேசாக, வளையக்கூடியதாக இருந்தால் அது வினைல். 1948-இல் வந்த 33⅓ சுற்றுத் தட்டு இவ்வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வினைல் தட்டைத் துடைக்கச் சிலர் ஆல்கஹால் கலந்த நீரைப் பயன்படுத்துவார்கள். ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். பாட்டும் அதோடு போய்விடும். அரக்குத் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் போதும். மென்மையான தூரிகையால் பள்ளம் செல்லும் திசையிலேயே தேய்த்து, நல்ல நீரால் அலசி, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். நடுத்தாள் நனையக்கூடாது.

ஊசியும் வேறு. 78 சுற்றுத் தட்டுக்கு நுனி ஆரம் சுமார் 70 மைக்ரான் உள்ள ஊசி வேண்டும். வினைல் நெடுந்தட்டுக்கு 18 முதல் 25 மைக்ரான். சிறிய ஊசியை அகன்ற பள்ளத்தில் விட்டால் அது அடியில் இறங்கி, பாட்டைவிடத் தூசியின் இரைச்சலையே அதிகம் பொறுக்கி வரும்.

ஊசி அதிரும்போது, அதனுடன் இணைந்த சின்னஞ்சிறு காந்தம் கம்பிச்சுருளின் அருகே அசைகிறது. மின்காந்தத் தூண்டலைப் படித்திருப்பீர்கள், அதுவேதான் இது. கிடைக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுகளே. ஆகவே ஒரு முன்பெருக்கி தேவை. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தாழ்ந்த சுருதி ஒலிகள் பள்ளத்தை மிக அகலமாக வளைத்து, அடுத்த பள்ளத்தின் மேல் ஏறிவிடும் என்பதால் அவற்றைக் குறைத்தும், உயர்ந்த சுருதியை மிகுத்தும் தட்டில் வெட்டியிருப்பார்கள். முன்பெருக்கி அதை நேர் செய்கிறது.

இனிக் கணிப்பொறியின் முறை. வரைபடத் தாளில் புள்ளிகள் வைத்து வளைகோடு வரைகிறீர்கள் அல்லவா? அதுபோல அது மின்னழுத்தத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைப் பிடிக்க அதன் அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டு ஒரே தடத்தில் ஏறக்குறைய 1 கோடியே 59 லட்சம் பைட்டுகள் பிடிக்கும்.

ஒலி அளவை மிகுதியாக வைத்தால், உச்சப் படிக்கு மேற்பட்ட அலைகளின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படும். இதற்கும் மருந்தில்லை. உரத்த இடத்திலும் முழு அளவில் பாதியைத் தாண்டாமல் வையுங்கள். ஒத்திகைக்கு வேறொரு தட்டைப் போடுங்கள். அருமையான தட்டை வீணாகத் தேய்ப்பானேன்?

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் கீறலின் 'டக், டக்' ஓசையைக் கண்டுபிடித்து, அக்கம்பக்கத்து அளவுகளைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பும். அது ஓர் ஊகமே. மிகையாகப் பயன்படுத்தினால், திடீரென எழும் மிருதங்கத்தின் தட்டலையும் கீறல் என்றெண்ணி மழுக்கிவிடும்! எனவே முதல் பதிவைக் கைவைக்காமல் தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

உங்கள் ரெக்கார்ட் பிளேயரில் 78 வேகம் இல்லையா? 45-இல் ஓடவிட்டுப் பதியுங்கள். பிறகு மென்பொருளில் வேகத்தை 78 ÷ 45, அதாவது 1.733 மடங்காக்கினால் போதும். உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளின் விகிதம் சற்று மாறியிருக்கும். அதையும் அங்கேயே திருத்தலாம். மூன்று நிமிடப் பாட்டைப் பதிய 5 நிமிடம் 12 விநாடி ஆகும். அவ்வளவு நேரமும் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலத்தான் இருக்கும்.