ஒரு பவுண்டுக்கு ஒரு போன் பூத்! - சிவப்புப் பெட்டிகளைக் காப்பாற்றும் பிரிட்டன் கிராமங்கள்

கடைசியாக நீங்கள் எப்போது காசு போட்டு போன் பேசினீர்கள்? யோசித்துப் பார்த்தாலும் வருஷம் நினைவுக்கு வராது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஷேரிங்டன் என்றொரு குட்டி கிராமம். அங்கே 2025-ம் ஆண்டின் தொடக்கத்தில், ஊர்க்காரர்கள் ஒரு போன் பூத் முன்னால் வரிசையில் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் போன் பேசினார்கள். அவசரமாகப் பேச வேண்டியது யாருக்கும் இல்லை. கணக்கில் அழைப்புகள் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். அந்த சிவப்பு பூத்திலிருந்து ஒரு வருடத்தில் பத்து அழைப்புகூடப் போகவில்லை என்று சொல்லி, அதை மூடப்போவதாக பி.டி. நிறுவனம் அறிவித்தது. 89 வயது பெரியவர் ஒருவர் 'விடமாட்டேன்' என்று கிளம்பிவிட்டார். எங்கள் ஊரில் மொபைல் சிக்னல் சரியாகக் கிடைக்காது, வண்டி பழுதாகி நடுரோட்டில் நிற்பவர் யாரைக் கூப்பிடுவார் என்பது அவருடைய கேள்வி. ஊரே சேர்ந்துகொண்டது. சில வாரங்களில் 200-க்கும் மேற்பட்ட அழைப்புகள். கடைசியில், போனும் பூத்தும் அங்கேயே இருக்கும் என்று நிறுவனம் இறங்கிவந்தது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'ஒரு பெட்டிக்கு இவ்வளவு பாடா?' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. தேடத் தேடத்தான் அந்தப் பெட்டியின் கதை பிடிபட்டது.

கல்லறையைப் பார்த்துப் பிறந்த பூத்

பிரிட்டனின் முதல் பொது மாதிரி பூத் 1921-ல் கான்கிரீட்டில் வந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. 1924-ல் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லிவர்பூல் கதீட்ரலையும், பின்னாளில் பேட்டர்ஸீ மின்நிலையத்தின் வெளித்தோற்றத்தையும் வடிவமைத்த அதே ஆள்தான். மேலே கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒரு கூரை இருக்கிறதே, அதற்கான யோசனை லண்டன் செயின்ட் பான்கிராஸ் பழைய தேவாலயத் தோட்டத்தில் இருக்கும் சர் ஜான் சோனின் கல்லறையிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுப்பதற்கில்லை.

இன்னொரு வேடிக்கை. ஸ்காட் சொன்ன நிறம் சிவப்பே இல்லை. வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சை கலந்த நீலம் என்பது அவர் யோசனை. தபால் துறைதான் சிவப்பு அடித்தது. தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும் அல்லவா? போட்டிக்காக மரத்தில் செய்த மாதிரி பூத் லண்டன் ராயல் அகாடமி வாசலில் இன்றைக்கும் நிற்கிறது.

1926-ல் தெருவுக்கு வந்த அந்த பூத்துக்கு 'கே-2' என்று பெயர். செலவு அதிகம் என்பதால் பெரும்பாலும் லண்டனோடு நின்றுவிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935-ல் அதே ஸ்காட் சின்னதாக, சிக்கனமாக வடிவமைத்துக் கொடுத்ததுதான் 'கே-6'. சுமார் 60 ஆயிரம் பூத்துகள் நாடு முழுக்க இறங்கின. லண்டன் போஸ்ட் கார்டில், பழைய படப் பாட்டுகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

நம் ஊர் காயின் பாக்ஸ் மாதிரி காசு போட்டவுடன் பேசிவிட முடியாது. அந்தக்கால பூத்தில் ஏ, பி என்று இரண்டு பட்டன்கள். காசைப் போட்டு டயல் செய்து, எதிர்முனையில் எடுத்தால் 'ஏ'-வை அமுக்க வேண்டும். அப்போதுதான் நம் குரல் அந்தப் பக்கம் கேட்கும். எடுக்கவில்லை என்றால் 'பி'-யை அமுக்கிக் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முன்னால் வந்தவர் மறந்துவிட்டுப்போன சில்லறை விழுமா என்று போகிற வருகிற பூத்தில் எல்லாம் 'பி'-யை அமுக்கிப் பார்ப்பது அந்தக்காலச் சிறுவர்களின் முழுநேரத் தொழில்.

ஏலத்துக்கு வந்த சிவப்பு

1984-ல் பி.டி. தனியார்மயமானது. அடுத்த ஆண்டே, பழைய சிவப்பு பூத்துகளை எடுத்துவிட்டு கண்ணாடியும் ஸ்டீலுமான நவீன பூத்துகளை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். பராமரிக்கச் செலவு, சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போக முடியாது, கதவைத் திறப்பதற்கே பலம் வேண்டும். காரணங்கள் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் மக்கள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கான பூத்துகள் ஏலத்துக்குப் போயின. சிலவற்றை வாங்கிப்போனவர்கள் தோட்டத்தில் வைத்தார்கள். குளியலறையில் ஷவர் அறையாக மாற்றியவர்களும் உண்டு. 2,000-க்கும் மேற்பட்ட பூத்துகளை அரசு பாரம்பரியச் சின்னங்களாகப் பட்டியலிட்டது. அவற்றை யாரும் நினைத்தபடி பிடுங்க முடியாது.

லண்டனை ஒட்டிய கிங்ஸ்டனில் 12 பழைய பூத்துகளைச் சீட்டுக்கட்டு சரிவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துவைத்து, 1989-ல் டேவிட் மாக் என்ற சிற்பி ஒரு சிற்பமே செய்துவிட்டார். தலைப்பு: 'அவுட் ஆஃப் ஆர்டர்'.

முக்கால் டன் பொறுமை

ஒரு பூத்தை மீட்பது என்றால் பெயின்ட் அடித்து நிறுத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். கே-6 எட்டடிக்கு மேல் உயரம், எடை கிட்டத்தட்ட முக்கால் டன். வார்ப்பிரும்புப் பலகைகளை போல்ட் போட்டு இணைத்த பெட்டி அது. கதவு மட்டும் தேக்கு. முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, அடித்தளத்திலிருந்து விடுவித்து, கிரேன் வைத்த லாரியில் நிற்கிற வாக்கிலேயே தூக்க வேண்டும். வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்காது. இடித்தால் விரிசல்தான். சாதாரண இரும்புபோல அதை எளிதில் வெல்டிங் செய்யவும் முடியாது.

பட்டறைக்கு வந்தபிறகுதான் நிஜமான வேலை. ஐம்பது, அறுபது வருடத்து பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். பழைய அடுக்குகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சும்மா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகும். அதனால், தெரிந்தவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மணலை வேகமாக அடித்து மொத்தத்தையும் உரிக்கிறார்கள். வெறும் இரும்பு தெரிந்ததும் துருப்பிடிக்காமல் உடனே பிரைமர், அதன்மேல் இரண்டு மூன்று கோட்டு. அதுவும் ஏதோ ஒரு சிவப்பு இல்லை. 'கரன்ட் ரெட்' என்று தரநிர்ணய எண்ணோடு இருக்கும் குறிப்பிட்ட சிவப்பு. கதவின் தேக்கில் தண்ணீர் இறங்கி உளுத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்துப் புதுத் துண்டு கோக்க வேண்டும். நான்கு பக்கமும் 'டெலிபோன்' என்று எழுதியிருக்கும் பால்நிறக் கண்ணாடி உடையாமல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வயதைக் கண்டுபிடிக்க, மேலே இருக்கும் கிரீடத்தைப் பார்த்தால் போதும். எலிசபெத் மகாராணி காலத்துக்கு முந்தைய கிரீடம் ஒரு வடிவம், பிந்தையது வேறு வடிவம். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் கிரீடம்தான் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஹல் நகரத்தில் டெலிபோன் சேவையை நகராட்சியே நடத்தியதால் அங்கே பூத்துகள் வெளிர்மஞ்சள் நிறம், கிரீடமே கிடையாது!

இப்படிச் சீரமைத்த ஒரு கே-6 வேண்டுமென்றால் சுமார் 3,000 பவுண்டிலிருந்து விலை ஆரம்பிக்கிறது. நம் கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல். தூக்கிவரும் செலவு தனி.

காப்பாற்றியாச்சு... ஆனால் போன்?

ஊராட்சிகளுக்குச் சலுகை உண்டு. 2008-ல் பி.டி. ஆரம்பித்த 'பூத்தைத் தத்தெடுங்கள்' திட்டத்தில் விலை வெறும் ஒரு பவுண்டு, நூற்றுச்சொச்சம் ரூபாய். இதுவரை 7,000-க்கும் மேற்பட்ட பூத்துகள் தத்துப் போயிருக்கின்றன. சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மென்டிப் என்ற கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த நடமாடும் நூலக வண்டி நின்றுபோனது. ஊர்க்காரர்கள் பூத்தை வாங்கி, நான்கு பலகை அடித்து, 2009-ல் நூலகமாக்கிவிட்டார்கள். ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். யார்க்‌ஷயரில் வார்லி என்ற ஊரில் பூத்துக்குள் ஒரு அருங்காட்சியகம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, மாரடைப்பு வந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவியை பூத்தில் வைப்பது. நூற்றுக்கணக்கான கிராமங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். இரவிலும் ஊர் நடுவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சிவப்புப் பெட்டியைவிட அதற்குப் பொருத்தமான இடம் ஏது?

ஆனால், இந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பூத் ஊருக்கு, போன் ஊருக்கு இல்லை. தத்துக் கொடுக்கும் முன்பு உள்ளே இருக்கும் டெலிபோனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஷேரிங்டன் பெரியவர் ஒரு பவுண்டைக் கொடுத்து விஷயத்தை முடிக்காமல் சண்டைக்கு நின்றது இதனால்தான். அவருக்கு வேண்டியது அழகான காலிப்பெட்டி அல்ல.

யார் இன்னும் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கொடுத்த கணக்கு இது: 2019 மே முதல் 2020 மே வரை பொது பூத்துகளிலிருந்து அவசர உதவிக்குப் போன அழைப்புகள் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு 25 ஆயிரம். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் தரும் சமாரிட்டன்ஸ் எண்ணுக்கு 20 ஆயிரம். வீட்டு போனில் பேச முடியாத ஒரு குழந்தை, தெருமுனைப் பெட்டிக்குள் நின்று பேசுவதை நினைத்துப்பாருங்கள்.

அதனால் ஆஃப்காம் விதி வகுத்தது. நான்கு மொபைல் நிறுவனங்களின் சிக்னலும் முழுதாகக் கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ அடிக்கடி நடக்கும் இடம், அல்லது 12 மாதங்களில் 52 அழைப்பாவது போன பூத். இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் அந்த போனை எளிதில் எடுக்க முடியாது. வாரத்துக்கு ஒரு அழைப்பு! ஷேரிங்டன்காரர்கள் வரிசையில் நின்ற கணக்கு இப்போது புரிந்திருக்கும்.

நம் ஊரில் இப்படி மீட்க எதுவும் மிஞ்சவில்லை. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் ஜெராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் மாறின. பெட்டிக்கடையில் தொங்கிய சிவப்பு காயின் பாக்ஸ்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஒரு ரூபாய் போட்டு அம்மாவுக்கு போன் செய்த தலைமுறையின் கடைசி வரிசையில் நானும் இருக்கிறேன். அந்த பாக்ஸை யாரும் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

தத்துக்கொடுத்த பூத்துகளில் போனைக் கழற்றிக்கொண்டு போனாலும், மின் இணைப்பு உள்ள இடங்களில் கூரை விளக்குக்கான கரன்ட் செலவை பெரும்பாலும் பி.டி.யே ஏற்றுக்கொள்கிறது. ராத்திரியில் புத்தகம் மாற்ற வருபவர்களுக்கு அந்த வெளிச்சமே போதுமாம்.