மற்ற மதத்தவருக்கு மீட்பு உண்டா? கிறிஸ்தவம் தரும் 3 பதில்கள்

ராயபுரத்தில் புனித ராயப்பர் தேவாலயம். கத்தோலிக்கர்கள் ‘ராயப்பர்’ என்று அழைப்பவரைத்தான் புராட்டஸ்டன்ட்கள் ‘பேதுரு’ என்கிறார்கள். அங்கிருந்து காசிமேடு தாண்டி வடக்கே போனால் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மன் சன்னதியும் வந்துவிடும். இந்தப் பகுதியில் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில், இரண்டு மதங்கள் சேர்ந்து வாழும்.

அதனால் இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. ஞானஸ்நானம் வாங்காமல், ஆனால் நல்லபடியாக வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டிக்குக் கடவுளிடம் இடம் உண்டா? கிறிஸ்தவம் என்ன சொல்கிறது?

பைபிளில் என்ன இருக்கு?

இரண்டு பக்கமும் இருக்கிறது. தந்தையிடம் போக வழி தானே என்று இயேசு சொல்வதாக யோவான் நற்செய்தி எழுதுகிறது. அதே நேரம், ஏதென்ஸில் ‘அறியப்படாத கடவுளுக்கு’ வைத்த பலிபீடத்தைப் பார்த்த பவுல், நீங்கள் அறியாமல் வணங்குபவரைப் பற்றித்தான் பேச வந்தேன் என்கிறார். இந்த இரண்டில் எதை அழுத்திப் படிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசமே.

அந்த 3 பதில்கள் என்ன?

1. கிறிஸ்துவை அறிந்து விசுவசித்தால் மட்டுமே இரட்சிப்பு. பல பெந்தெகொஸ்தே, இவாஞ்சலிக்கல் சபைகளின் நிலைப்பாடு இது.

2. மீட்பு கிறிஸ்து வழியாகத்தான். ஆனால் அவரை அறியாதவரையும் அது எட்டலாம். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை இதற்கு நெருக்கமானது.

3. எல்லா மதங்களும் கடவுளிடம் போகும் வெவ்வேறு பாதைகள். பிரிட்டிஷ் இறையியலாளர் ஜான் ஹிக் இதற்குப் பிரபலமான குரல்.

மெட்ராஸுக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. 1938 டிசம்பரில் தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதற்காகவே டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு புத்தகம் எழுதினார். கிறிஸ்துவில் கடவுள் வெளிப்பட்டதற்கும் மற்ற மதங்களுக்கும் நடுவே தொடர்ச்சி கிடையாது என்பது அவர் வாதம்.

மெட்ராஸ்காரர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. மாநாட்டுக்கு முன்பே தங்கள் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: நீதிபதியாக இருந்த பி.செஞ்சையா, வழக்கறிஞர் வி.சக்கரை செட்டியார்.

சக்கரை செட்டியார் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர். தொழிற்சங்கத் தலைவர், மெட்ராஸ் மேயர், ஏஐடியுசி தலைவர் என்று பொதுவாழ்வில் பெரிய ஆள். இயேசுவை ‘அவதாரம்’ என்ற இந்துச் சொல்லாலேயே விளக்கினார். ஆனால், வந்து வேலை முடிந்ததும் போய்விடும் அவதாரம் இல்லை, இன்றும் மனிதருக்குள் செயல்படும் அவதாரம் என்று வேறுபடுத்தினார். கிறிஸ்துவை விடவும் இல்லை, பிறந்த மரபைத் தூக்கி எறியவும் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை எப்போ மாறியது?

1442-ல் புளோரன்ஸ் சங்கம், திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நிலைவாழ்வு இல்லை என்று கடுமையாகச் சொன்னது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தொனி மாறியது. தன் தவறு இல்லாமல் கிறிஸ்துவை அறியாமல் இருந்து, மனசாட்சிப்படி நடப்பவர் மீட்படைய முடியும் என்றது 1964-ம் ஆண்டு ஆவணம். 1965 அக்டோபர் 28-ல் வந்த ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’, பிற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. இந்து மதத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

அப்போ எல்லா மதமும் ஒண்ணா?

வத்திக்கான் அப்படிச் சொல்லவில்லை. 2000-ல் வந்த ‘தோமினுஸ் இயேசுஸ்’ ஆவணம், மதங்கள் எல்லாம் சமமான மீட்பு வழிகள் என்ற கருத்தை மறுத்தது. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் போப் பிரான்சிஸ், மதங்கள் கடவுளை அடையும் பாதைகள், வெவ்வேறு மொழிகள் மாதிரி என்று இளைஞர்களிடம் பேசியபோது, கத்தோலிக்கர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். விவாதம் முடியவில்லை.

வெளியிலிருந்தும் ஒரு கேள்வி உண்டு. நல்ல இந்துவை ‘தன்னை அறியாத கிறிஸ்தவர்’ என்று சொல்வது மரியாதையா, அவரைக் கேட்காமலே நம் கணக்கில் சேர்ப்பதா? இரண்டாவது பதிலுக்கு இது இன்னும் சிக்கல்தான்.

வீட்டில் இது எப்படி வரும்?

முதலில் கல்யாணத்தில். ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் திருமணம் செய்ய மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். மற்றவர் மதம் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். அது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது.

அடுத்து சாவு வீட்டில். அந்தப் பாட்டி நரகத்தில்தான் என்று அடித்துச் சொல்லும் உரிமையைக் கத்தோலிக்கப் போதனை யாருக்கும் தரவில்லை. அவரைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து ஜெபிக்கச் சொல்கிறது. முதல் பதிலை நம்புகிற பாஸ்டர்களிலும், தீர்ப்பு கடவுளுடையது என்று சொல்லி அங்கே நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. நம்பிக்கையில் உறுதியாக இருப்பது வேறு, அடுத்தவர் அம்மாவுக்குத் தீர்ப்பு எழுதுவது வேறு.