மோட்டார் ஓடுது, தண்ணீர் ஏறலையா?

குழந்தையின் துணி வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். காலைப் பாத்திரம் தேய்க்காமல் கிடக்கும். வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் குழாயில் தண்ணீர் நின்று போகும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். மேல்தொட்டியில் ஒரு சொட்டு விழாது. "மோட்டார் போச்சு" என்று உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டு விடுகிறோம்.

இருபது வருஷமாக அரை குதிரைத்திறன் மோட்டார் ஒன்றோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இல்லை. அதற்கும் கீழே இருக்கும் சம்புக்கும் நடுவில்தான்.

முதலில் நிறுத்துங்கள்

"தானாக ஏறிவிடும்" என்று ஓட விடாதீர்கள். பம்புக்குள் ஓடுகிற தண்ணீர்தான் உள்ளே இருக்கும் வாட்டர் சீலைச் சூடாகாமல் காக்கிறது. வெறுமனே ஓடினால் சீல் கருகும். பிறகு அந்த வழியாகத் தண்ணீர் கசிந்து பேரிங்கையும் காயிலையும் கெடுக்கும்.

போன கோடையில் பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி, சுவரோரம் நின்று கூப்பிட்டாள். "அக்கா, அரை மணியா ஓடுது, தண்ணியே வரலை." "முதல்ல ஆஃப் பண்ணும்மா" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பார்த்தேன். பம்ப் பக்கம் போனாலே அனல் அடித்தது. நல்ல வேளை, சீலை மாற்றியதோடு போயிற்று. காயில் கட்டும் செலவு தப்பியது.

ஏர் பிடித்திருக்கிறதா?

சம்பில் தண்ணீர் இருக்கிறதா, குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு முழுகியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த கையோடு சம்பு மூடியைப் போட்டுவிடுங்கள். குழந்தை இருக்கிற வீட்டில் அதை ஒரு நிமிஷம்கூடத் திறந்து வைக்கக்கூடாது.

தண்ணீர் இருந்தால், அடுத்த சந்தேகம் காற்று. இளநீர் உறிஞ்சுகிற குழலில் ஓட்டை விழுந்தால் காற்றுதானே வாய்க்கு வரும்? பம்பும் அப்படித்தான். மெயினை அணைத்துவிட்டு, பம்பின் தலையில் உள்ள மூடியைக் கழற்றி, செம்பால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி அடங்கி, வாய்மட்டம் நிற்க வேண்டும். மூடியை இறுக்கிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். பல நாள் இதிலேயே காரியம் முடிந்துவிடும்.

ஊற்ற ஊற்ற மட்டம் இறங்கிக்கொண்டே போகிறதா? ஓடாத நிலையிலேயே அரை மணி விட்டு, சம்புக்குப் போகும் குழாயின் இணைப்புகளைப் பாருங்கள். எங்காவது ஈரம் கசிந்தால் அந்த இடத்தில்தான் காற்று நுழைகிறது. எல்லாம் காய்ந்திருந்தால் ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை. மணலோ தூசியோ சிக்கியிருக்கும், இல்லை வாஷர் தேய்ந்திருக்கும்.

கிணற்றிலிருந்து ஏற்றுகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். மேலே வைத்த பம்ப் எவ்வளவு பெரியதானாலும், 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே நீர்மட்டம் போய்விட்டால் இழுக்கத் திணறும். கோடையில் திடீரென்று நின்று போவதற்கு இதுவும் காரணம்.

உர்ரென்று உறுமினால்

மோட்டார் சுற்றாமல் உறுமல் மட்டும் கேட்டால் அடுத்த விநாடியே அணைத்துவிடுங்கள். காயில் எரிந்து போகும். கரண்ட் மிகக் குறைவாக வந்தாலும் இப்படி ஆகும். ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். லீவுக்கு ஊருக்குப் போய் வந்த வீட்டில் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். அதை எலக்ட்ரீஷியனே தொடட்டும்.

நாம் தொடக்கூடாதது

தண்ணீரும் கரண்டும் சேருகிற இடம் இது. ஈரக்கையோடும் வெறுங்காலோடும் சுவிட்சைத் தொடாதீர்கள். பம்பையோ குழாயையோ தொட்டால் சுரீர் என்றால், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். "லேசாத்தான் அடிக்குது" என்று ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது. எர்த் ஒயர் சரியாக இருப்பதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் வீட்டில் இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

காலண்டரில் ஒரு குறிப்பு

எங்கள் 500 லிட்டர் தொட்டி நிரம்ப 20 நிமிஷம் ஆகும். மாதம் ஒரு முறை கடிகாரம் பார்த்துக் காலண்டரில் எழுதி வைப்பேன். அதுவே 30 நிமிஷமானால், ஃபுட் வால்வின் சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மெக்கானிக் வரும்போதும் "மோட்டார் ரிப்பேர்" என்று மொட்டையாகச் சொல்லாதீங்க. "தண்ணி ஊத்திப் பார்த்தேன், மட்டம் இறங்குது, இணைப்பு எல்லாம் காய்ஞ்சிருக்கு, ஃபுட் வால்வைப் பாருப்பா" என்று சொல்லுங்கள். வேலையும் சீக்கிரம் முடியும். நல்லா இருக்கிற காயிலைப் பிரித்துக் கட்டுகிற வெட்டிச் செலவும் மிஞ்சும்.