இராகத்தின் பெயரும் கேட்பவரின் செவியும்

சாஸ்திரிய சங்கீதம் பற்றிப் பேச்சு எழும் சபைகளில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு பாடல் மனத்தைத் தொட்டதென ஒருவர் கூறினால், அது என்ன இராகம் என்ற வினா உடனே எழுகின்றது. விடை தெரியாதவர் வாயடைத்துப் போகின்றார். ஆலையடிவேம்பிலும் அதனையடுத்த அக்கரைப்பற்றிலும் கோயில் ஒலிபெருக்கியின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தம்மை ரசிகரெனக் கூறத் தயங்குவதற்கு இவ்வினாவும் ஒரு காரணமென நாம் கருதுகின்றோம்.

இவ்வெண்ணம் அரச கொள்கையாக மாறினால் நேர்வது என்ன என்பதற்கு இந்தியா ஓர் உதாரணம். அதில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. 1952 இல் இந்தியத் தகவல், ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் தாமே சங்கீதம் பயின்றவர். திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன எனக் கருதிய அவர், அகில இந்திய வானொலியில் அவற்றைக் கடுமையாகக் குறைத்தார். படத் தயாரிப்பாளர்களுடன் பிணக்கு முற்றவே அவை ஏறக்குறைய மறைந்தே போயின.

நேயர்களோ வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அமீன் சயானி தொகுத்தளித்த பினாக்கா கீத்மாலா அவ்வாண்டு டிசம்பரில் ஆரம்பமாயிற்று. பம்பாயில் ஒலிப்பதிவாகி விமானத்தில் கொழும்புக்கு வந்த அந்நிகழ்ச்சி, இங்கிருந்து சிற்றலையில் மீண்டும் இந்தியாவுக்கே சென்றது! 1957 ஒக்டோபரில் இந்திய அரசே விவித் பாரதி என்ற ஜனரஞ்சக சேவையைத் தொடங்க நேர்ந்தது.

கேஸ்கரை முற்றாகப் பழிப்பதும் நியாயமன்று. அவர் காலத்தில் தேசிய சங்கீத நிகழ்ச்சி பெரும் வித்துவான்களை எளியவர் வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. எனினும் வட இந்திய இசையின் வீழ்ச்சிக்கு முஸ்லிம் ஆட்சியாளரையும் கலைஞரையும் அவர் பொறுப்பாளிகளாக்கியமை மறக்கத்தக்கதன்று. கேட்போரைத் தரம்பிரிக்கும் மனம் பாடுவோரையும் பிரிப்பதில் வியப்பென்ன? கோயில்களில் நாதஸ்வரம் வாசித்த ஷேக் சின்ன மௌலானாவுக்குச் சென்னை மியூசிக் அகாடமி 1998 இல் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது.

இராக ஞானம் வேண்டாததென நாம் கூறவில்லை. இதே கரையோரத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையின் சுரங்களைக் கணித முறையில் ஆராய்ந்தார். அதற்கு நுண்ணறிவு இன்றியமையாதது. பாட்டைக் கேட்பதற்கு அது நுழைவுச்சீட்டன்று. இராகம் என்பது ஆரோகண அவரோகணம் மட்டுமா? சுரங்கள் அசையும், நிற்கும், நெளியும் விதமும் சேர்ந்ததே இராகம். அது திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே பிடிபடும். திரைப்பாடலில் மோகனத்தைக் கேட்டுப் பழகியவர், கச்சேரியில் அதே சாயல் வரும்போது ‘இது எங்கோ கேட்டதுபோல் உள்ளதே’ என்கின்றார். அவர் இராகத்தை இனங்கண்டுவிட்டார், பெயர்தான் தெரியவில்லை. பெயரை மனனஞ்செய்து சாயலை அறியாதவரும் சபைகளில் இல்லாமலில்லை.

கச்சேரி நடத்துவோர் பாடலுக்கு முன் இராகத்தின் பெயரைச் சொல்லி, அதன் சாயலை ஓரிரு நிமிடம் பாடிக்காட்டி, அதிலமைந்த பரிச்சயமான திரைப்பாடலொன்றையும் தயங்காது குறிப்பிடலாம். இதற்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை.