மாசு இருந்தால் மதிப்பு கூடும் அதிசயக் கல்!

வைரத்தில் சின்னக் கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தால் போதும். "தோஷம் உள்ள கல்" என்பார்கள். விலை இறங்கிவிடும்.

ஆனால், உள்ளே மாசு இருப்பதாலேயே விலை ஏறும் கல் ஒன்று உண்டு. அதுதான் ஸ்படிகம்!

மாலையாகக் கோத்து அணிவது தெளிந்த ஸ்படிகம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் கிடைத்த ஸ்படிகத்தைத் தேய்த்து, மூக்குக்கண்ணாடி செய்தார்கள். அதற்கும் மாசில்லாத கல்தான் வேண்டும். கல் சேகரிப்பவர்களின் ஆசையோ வேறு. "உள்ளே என்ன இருக்கிறது?" என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

தங்க ஊசி, பச்சைப் பாசி

சில ஸ்படிகங்களுக்குள் தங்கக் கம்பி போன்ற மெல்லிய இழைகள் மின்னும். அது தங்கம் அல்ல. 'ரூட்டைல்' என்ற தாதுப்பொருள். ஐரோப்பியர்கள் இதை 'வீனசின் கூந்தல்' என்று அழைக்கிறார்கள். வீனஸ், ரோமாபுரி மக்களின் அழகுத் தெய்வம்.

சில கற்களில் பாசி படர்ந்தது போலப் பச்சை நிறம் தெரியும். அது குளோரைட். சிவப்பாகத் தெரிவது ஹெமடைட் என்ற இரும்புத் தாது. கறுப்பு ஊசிகளாக நிற்பது டூர்மலைன்.

ஒரு ஸ்படிகத்துக்குள் இன்னொரு ஸ்படிகம் நிழல் போல நிற்பதும் உண்டு! இதற்கு 'ஆவி ஸ்படிகம்' என்று பெயர். பயப்பட வேண்டாம். இதில் மாயம் எதுவும் இல்லை.

எப்படி வந்தது?

ஐரோப்பாவில் உள்ள ஆல்ப்ஸ் மலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அந்த மலை உயர்ந்து எழுந்தபோது பாறைகள் வெடித்தன. வெடிப்புகளில் வெந்நீர் புகுந்தது. அதில் சிலிக்கா கரைந்திருந்தது. ஆற்று மணலில் நிறைய இருப்பதும் இதே பொருள்தான். நீர் ஆற ஆற, அது ஸ்படிகமாக வளர்ந்தது.

முன்பே அங்கு முளைத்திருந்த ரூட்டைல் ஊசிகளை ஸ்படிகம் தனக்குள் மூடிக்கொண்டது. சில இடங்களில் வளர்ச்சி நடுவில் நின்றது. கல்லின் மேல் பச்சைக் குளோரைட் படிந்தது. பிறகு மீண்டும் வளர்ந்தது. பழைய உருவம் உள்ளே சிக்கிக்கொண்டது. அதுதான் 'ஆவி'!

உயிரைப் பணயம் வைத்து...

இந்தக் கற்களைத் தேடி மலையேறுகிறவர்களுக்கு ஸ்விட்சர்லாந்தில் 'ஸ்ட்ராலர்' என்று பெயர். பல இடங்களில் இதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

பாறையில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பக்கத்தில் வெடிப்பு இருந்தால், நீண்ட இரும்புக் கடப்பாரையால் நெம்புவார்கள். பிறகு குளிர்ந்த சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். மேலிருந்து பாறை உருளலாம். கால் சறுக்கினால் அதலபாதாளம்! கிடைத்த கல்லையும் உடனே வெயிலில் வைக்கக் கூடாது. திடீரென்று சூடு பட்டால் விரிசல் விட்டுவிடும்.

ஆல்ப்ஸ் மலையின் மிக உயர்ந்த சிகரம் மோன் பிளாங். உயரம் 15,700 அடிக்கு மேல். 1786-ம் ஆண்டில் அதன் உச்சியை முதலில் மிதித்த இருவரில் ஒருவர் பக்கார் என்ற டாக்டர். மற்றவர் ஜாக் பால்மா. அவர் ஸ்படிகம் தேடிப் பிழைத்தவர்!

இப்போது பனிப்பாறைகள் உருகுவதால் புதிய வெடிப்புகள் வெளியே தெரிகின்றன. ஆனால், பனி பிடித்து வைத்திருந்த பாறைகளும் சரிகின்றன. ஆபத்து கூடிவிட்டது.

ஏமாறாதீர்கள்!

விலை இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும். சாதாரண ஸ்படிகத்தைச் சூடாக்கிச் சாயத்தில் போடுகிறார்கள். விரிசல்களில் சாயம் ஏறிவிடும். வாங்குமுன் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிறம் விரிசலில் மட்டும் கோடு கோடாக இருந்தால், அது சாயமாக இருக்கலாம். உள்ளே உருண்டையான குமிழிகள் பல இருந்தால், அது கண்ணாடியாக இருக்கலாம்.

எந்த மலையில் கிடைத்தது என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள். சீட்டு இல்லாத கல்லுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்புக் குறைவு.

தெளிந்த கல், தான் பிறந்த இடத்தைச் சொல்வதில்லை. மாசு படிந்த கல் சொல்கிறது. மாசு என்று நாம் நினைப்பதே அதன் பிறப்புச் சாட்சி!