வழவழப்பாக இருந்தால் தண்ணீர்

வேப்பம்பட்டு, திருநின்றவூர் பக்கத்து ஏரிக்கரைகளில் அந்தி சாயும் நேரத்தில் எழும் கேள்வி இது: தகைவிலான் குருவிகள் போன கையோடு வந்து நீரை உரசிப் பறக்கும் சின்ன வௌவால்கள் மீனா பிடிக்கின்றன? இல்லை. நீருக்கு மேலே பூச்சி பிடிக்கின்றன; தாகம் எடுத்தால் பறந்தபடியே வாயைத் தாழ்த்தி ஒரு மிடறு குடிக்கின்றன. குருவிக்குக் கண் போதும். கும்மிருட்டில் வௌவால் நீரை எப்படிக் கண்டுகொள்கிறது? 'ரேடாரை மிஞ்சிய அதிசயம்' என்று சுற்றிவரும் புகழ்ச்சி இதற்கு விடையாகாது. உண்மை மிக எளிய ஒரு விதி.

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக அடித்தால் சட்டத்தில் பட்டு மறுபக்கம் ஓடிவிடும். செங்குத்தாக அடித்தால்தான் கைக்குத் திரும்பும். அசையாத நீரும் அப்படியே. வௌவால் எழுப்பும் ஒலியில் சாய்வாகப் போனது முன்னாலேயே தெறித்துப் போகிறது. நேர் கீழே போனது மட்டும் திரும்பி வருகிறது. சட்டம் தேய்ந்து பல் பல்லாக இருந்தால் ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கமும் தெறிக்கும். கரை மண்ணும் புல்லும் அத்தகைய சட்டங்கள். வௌவாலோ கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லாத் திசையிலும் ஸ்ட்ரைக்கர் விட்டு, திரும்பி வருவதை மட்டும் எண்ணும் ஆட்டக்காரர். முன்னால் மௌனம், அடியில் மட்டும் பதில் என்றால் அது தண்ணீர்.

வௌவால் காதால் வழியறிகிறது என்று 1790களிலேயே இத்தாலியரான ஸ்பல்லன்சானி ஊகித்தார். அமெரிக்கரான கிரிஃபின் 1944இல் அதற்குப் பெயர் வைத்தார். வரலாறு இவ்வளவு போதும். 2010இல் ஆய்வாளர்கள் ஸ்டெஃபான் கிரைஃப், பியோர்ன் சீமர்ஸ் இருவரும் வழவழப்பான தகடுகளைக் கிடையாக வைத்தபோது, வௌவால்கள் திரும்பத் திரும்ப அவற்றைக் குடிக்க முயன்றன. நீர்நிலையையே பார்த்திராத குட்டிகளும் அப்படியே செய்தன. அப்படியானால் இது கற்ற பாடமல்ல, பிறவியிலேயே வந்த விதி. கண்ணும் மூக்கும் நாக்கும் திருத்தாதா என்று கேட்கலாம். முழு இருட்டில் முயற்சிகள் கூடின என்பதால் பார்வைக்கும் பங்கு உண்டு. ஆனாலும் மங்கிய வெளிச்சத்தில், வாயில் தகடு பட்ட பிறகும் அவை விடவில்லை.

இவ்வளவு எளிதில் ஏமாறும் விதி எப்படி நிலைத்தது? இயற்கையில் அகலமான, வழவழப்பான கிடைப்பரப்பு என்றால் அநேகமாகத் தண்ணீர்தான். விதி தவறிப்போக வாய்ப்பே குறைவு. அதைக் கெடுப்பது நாம். 2017இல் வெளியான சோதனையில், செங்குத்தாக நிறுத்திய வழவழப்பான தகட்டில் 21 வௌவால்களில் 19 மோதின. முன்னால் மௌனம் என்பதைத் திறந்த வெளி என்று எடுத்துக்கொண்டன. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்பேட்டைகளில் கண்ணாடி முகப்பு எழுப்புவோர் இதை அறிய வேண்டும். ஏரியை ஆகாயத்தாமரை மூடினால் நேர்வது இதன் மறுபக்கம்: அடியில் நீர் நிறைந்திருந்தாலும் வௌவாலின் காதுக்கு அது புல்வெளி. ஏரியில் எவ்வளவு நீர் என்று மட்டும் அளந்தால் போதாது; எவ்வளவு பரப்பு திறந்து கிடக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.