வாடகை வீடும் அமானிதம்தான்

ஒலுவில் துறைமுகப் பக்கம் சீமெந்தும் தகரமும் விற்கும் எனக்கு, வீட்டுக் கதைகள் வியாபாரத்தோடு சேர்ந்தே வரும். கூரைத்தகடு வாங்க வருபவர், பழைய கூரை எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவார். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் வந்த ஒரு கதையை மட்டும் என்னால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

எங்கள் ஊர் ராத்தா ஒருவர் தன் மகளுக்கென்று ஒரு வீடு கட்டியிருந்தார். மகளுக்குக் கலியாணம் முடியும்வரை அதை வாடகைக்குக் கொடுத்தார். வந்தவர் வெளியூரைச் சேர்ந்த ஓர் அரச உத்தியோகத்தர், நல்ல மனிதர். ஒருநாள் காலை உடுப்பு அயன் பண்ணும்போது மின்சாரம் போய்விட்டது. அயனைக் கட்டிலின் மேல் வைத்தவர், சுவிட்சை நிறுத்த மறந்து வேலைக்குப் போய்விட்டார். பகல் மின்சாரம் வந்தபோது வீட்டில் எவரும் இல்லை. மெத்தையில் பற்றிய தீ சீலிங், ஜன்னல், கூரை என்று ஏறி, பக்கத்து வீட்டுச் சமையலறைக் கூரையையும் தின்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் ராத்தா கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். “தம்பி, நீங்கதான் எழுதித் தந்தீங்க. எரிஞ்சா ஆரு கட்டித் தாற எண்டு இதுல கெடக்கா?”

அப்படி ஒன்றும் இருக்கவில்லை. வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, லைட் பில் யார் கட்டுவது என்பது மட்டும்தான் இருந்தது. பழைய உடன்படிக்கை ஒன்றைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்தது அது.

பள்ளிவாசல் மரைக்கார்மார் கூடிப் பேசி முடித்து வைத்தார்கள். முற்பணம் கழிந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போனது. மீதியை அவர் மாதாமாதம் கட்டினார். சீமெந்து விலை ஏறிய அந்த நாளில் அந்தக் காசு எதற்கும் போதவில்லை. ராத்தா மகளின் கலியாணத்தைப் பின்போட்டார். இரண்டு குடும்பமும் நொந்து போயின.

யார் பொறுப்பு?

நம் மார்க்கச் சட்டத்தில் வாடகைக்கு எடுத்தவரின் கையிலிருக்கும் பொருள் அமானிதம். வரம்பு மீறியோ கவனயீனமாகவோ நடந்து சேதம் விளைந்தால் அவர் பொறுப்பாளி. அவருடைய தவறில்லாமல் அழிந்தால் பொறுப்பில்லை. நமது நாட்டின் ரோமன் டச்சுச் சட்டமும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது. பாவனையால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய கவனயீனத்தால் வந்த சேதத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனதற்கு வாடகைக்கு இருந்தவரைப் பிடிக்க முடியாது. அயனை நிறுத்தாமல் போனவரைப் பிடிக்கலாம். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, கவனமாக இருந்த குடும்பங்களும் பாதிக்கப்பட்டன. அப்படியானதில் குடியிருப்பவரின் தவறு என்று சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக்காரர் தன் கட்டடத்துக்குத் தானே தீக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

இதில் குடியிருப்பவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டுக்காரரின் காப்புறுதி குடியிருப்பவருக்குக் குடையாகாது. கம்பனி வீட்டுக்காரருக்கு நட்டஈடு கொடுத்த பின், அவருடைய இடத்தில் நின்று, தவறு செய்தவரிடம் அந்தக் காசைக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு.

பொறுப்புக் காப்புறுதி

இதற்காகத்தான் வாடகைக்கு இருப்பவரின் பொறுப்புக் காப்புறுதி என்ற ஒன்று இருக்கிறது. அவர் கவனயீனத்தால் வீட்டுக்கோ அயலவருக்கோ சேதம் வந்து, அதற்கு அவர் சட்டப்படி பொறுப்பாளி ஆனால், குறித்த ஒரு தொகை வரை அது கொடுக்கும். பிரான்சில் 1989 ஜூலை 6ஆம் திகதியச் சட்டப்படி, வீட்டை வாடகைக்கு எடுப்பவர் தீ, வெடிப்பு, நீர்ச்சேதம் போன்றவற்றுக்குக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். பாரிஸில் இருக்கும் நம் நாட்டவரைக் கேளுங்கள், சாவி வாங்கும்போதே காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டியதாகச் சொல்வார்கள். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லாததால் நாம் கேட்பதும் இல்லை.

“காப்புறுதி ஹறாமல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி வர்த்தகக் காப்புறுதியை மறுத்தது. ஆனால், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்புறுதியை அனுமதித்தது. தகாபுல் அந்த அடிப்படையில் வளர்ந்தது. 1979இல் சூடானில் ஆரம்பித்தது, 1999இல் அமானா தகாபுல் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. அதில் நாம் கட்டுவது நன்கொடையாக ஒரு பொது நிதியில் சேர்கிறது. நட்டப்பட்டவருக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்படுகிறது. தவறுதலாக ஓர் உயிர் போனால் கோத்திரத்தார் சேர்ந்து நட்டஈடு கட்டும் ‘ஆகிலா’ முறையை நபி (ஸல்) அவர்கள் நிலைநிறுத்தியதை உலமாக்கள் இதற்கு ஒரு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். ஒருவனின் தவறை அவன் தலையில் மட்டும் சுமத்தாமல் பலர் சேர்ந்து தாங்குவதுதான் இதன் கருத்து.

கேட்க வேண்டியவை

முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல் பத்திரத்தை வாசியுங்கள். வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் காப்புறுதி எடுத்துவிட்டு எல்லாம் சரி என்று இருக்காதீர்கள். வீட்டுக்காரருக்கான பொறுப்பும் அயலவருக்கான பொறுப்பும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். ஆகக் கூடிய தொகை எவ்வளவு, முதல் எவ்வளவை நீங்கள் கட்ட வேண்டும் என்று பாருங்கள். வீட்டில் தையலோ சமையல் வியாபாரமோ நடந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதை மறைத்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். வேண்டுமென்று செய்த சேதத்துக்கும், காலப்போக்கில் வரும் தேய்மானத்துக்கும் எந்தக் காப்புறுதியும் கொடுக்காது.

ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடம் பல்கலைக்கழகமானது. துறைமுகம் 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் மூடி மீனவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. துறைமுகத்தை நம்பி அறை கட்டியவர்களுக்குக் கைகொடுத்தது மாணவர்கள்தான். ஓர் அறையில் மூன்று நான்கு பிள்ளைகள், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல், ஒரே பிளக்கில் ஐந்து வயர். பெற்றோரும் வீட்டுக்காரரும் இதை யோசிக்க வேண்டும்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனத்தை நாம் எல்லோரும் ஓதுகிறோம். வாடகை உடன்படிக்கையிலும் சேதமானால் யார் பொறுப்பு, யார் என்ன காப்புறுதி எடுப்பது என்று இரண்டு வரி சேர்ப்பதில் கஷ்டமில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையென்றால் நொத்தாரிசிடம் போங்கள், என்னைப் போன்ற கடைக்காரனிடம் போகாதீர்கள். அந்த இரண்டு வரியை அன்று நான் எழுதியிருந்தால், காப்புறுதியைப் பற்றி அப்போதே பேசியிருப்போம். ராத்தாவின் மகளும் குறித்த நாளில் அந்த வீட்டில் குடியேறியிருப்பாள்.